பழைய கார் வாங்கும் முன் பரிசோதனைச் சீட்டை எப்படிப் படிப்பது?

கேள்வி இதுதான். சிங்கப்பூரில், புக்கிட் பாஞ்சாங்கில் ஒருவர் தன் ஜப்பானிய ஹைப்ரிட் காரை டீலர் இல்லாமல் நேரடியாக விற்கிறார். பதிவாகி ஆறு ஆண்டு ஒன்பது மாதம் ஆகிறது. மீட்டரில் 58,000 கிலோமீட்டர். “இன்ஸ்பெக்‌ஷன் பாஸ், ரோடு டாக்ஸ் இருக்கு, கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம்” என்கிறார். கேட்டவரின் மச்சான் இங்கிலாந்தில், லெஸ்டரில் இருக்கிறார். அங்கே வண்டி எண்ணைத் தட்டினாலே அந்தக் கார் இதுவரை எந்தப் பரிசோதனையில் தேறியது, எதில் தேறவில்லை என்பதெல்லாம் வந்துவிடுகிறதாம். இங்கேயும் அப்படிப் பார்க்க முடியுமா?

அந்த அளவுக்கு முடியாது. ஆனால் அதில் பாதியையாவது நாமே தோண்டி எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. காக்கி புக்கிட்டில் ஒரு பட்டறையில் பதினெட்டு ஆண்டு இருந்தவன் நான். வாடிக்கையாளர்களின் கார்களைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்க் கொண்டுவருவதே பாதி நாள் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் மச்சான் சொன்னது என்ன என்று பார்ப்போம். பிரிட்டனில் எம்ஓடி என்று ஒரு பரிசோதனை. கார் மூன்று வயதைத் தொட்டதும் ஆரம்பித்து, பிறகு ஆண்டுதோறும் நடக்கும். 2005 முதலான முடிவுகளை அரசாங்க இணையத்தளத்தில் யார் வேண்டுமானாலும் காசு கொடுக்காமல் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் மீட்டரில் எவ்வளவு இருந்தது, எதனால் தேறவில்லை என்பதோடு, இன்னொன்றும் இருக்கும். ‘தேறிவிட்டது, ஆனால் முன் டயர் தேயத் தொடங்கிவிட்டது, பிரேக் குழாயில் லேசாகத் துரு’ என்பது மாதிரி எச்சரிக்கைக் குறிப்புகள். என்னைக் கேட்டால் அந்த முழுத் தளத்திலும் பொன்னான பகுதி அதுதான். பாஸ், ஃபெயில் இரண்டும் ஒரு நாள் கதை. குறிப்புகள் மூன்று நான்கு ஆண்டுக்குத் தொடர்ந்து ஒரே விஷயத்தைச் சொன்னால், அந்தக் காரை வைத்திருந்தவர் எப்பேர்ப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

இங்கே நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதி வேறு. மூன்று வயதுக்குட்பட்ட சொந்தக் காருக்குப் பரிசோதனையே கிடையாது. மூன்றிலிருந்து பத்து வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. பத்தைத் தாண்டினால் ஆண்டுதோறும். சரி, உங்கள் காருக்குக் கணக்குப் போடுங்கள். மூன்றாம் ஆண்டில் ஒன்று, ஐந்தாம் ஆண்டில் ஒன்று. இதுவரை மொத்தமே இரண்டு பரிசோதனை. அவர் பெருமையாகக் காட்டும் அந்த ‘பாஸ்’ ஒன்றே முக்கால் ஆண்டுக்கு முந்தியது. அடுத்தது ஏழாம் ஆண்டு நிறைவில், அதாவது இன்னும் மூன்று மாதத்தில். அது யார் தலையில் விழும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சிஓஇ (கார் வைத்திருக்க இங்கே வாங்க வேண்டிய பத்தாண்டு உரிமைச் சான்று) புதுப்பித்து ஓடுகிற பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக் காரைப் பார்த்து எல்லாரும் பயப்படுகிறார்கள். ஆனால் பரிசோதனைத் தாள் அதிகம் உள்ளது அந்தக் கார்களுக்குத்தான். நாலு வயதுப் பளபள காருக்கு ஒரே ஒரு தாள்.

‘ரோடு டாக்ஸ் இருக்கு’ என்பதைத் தனி நற்சான்றிதழாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பரிசோதனைக்குரிய ஆண்டில் தேறினால்தான் சாலை வரியைப் புதுப்பிக்கவே முடியும். காப்பீடும் இருக்க வேண்டும். ஆகவே ரோடு டாக்ஸ் இருப்பது ‘அப்போது பாஸ்’ என்பதற்கு இன்னொரு பெயர்தான். ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்லி நம்மை மகிழ்விக்கிறார்.

பரிசோதனையில் என்னதான் பார்க்கிறார்கள்? சிங் மிங், காக்கி புக்கிட், புக்கிட் பாத்தோக் போன்ற இடங்களில் விகாம் என்ற நிறுவனத்தின் பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன. எஸ்டிஏ, ஜேஐசி என்று வேறு இரண்டு பெயர்களிலும் நிலையங்கள் உண்டு. எங்கே போனாலும் முறை ஒன்றுதான். வரிசையில் நின்று கார் உள்ளே போகும். புகைக்குழாயில் ஒரு கம்பியைச் செருகிப் புகையை அளப்பார்கள். சக்கரங்களை உருளைகள் மேல் ஏற்றி பிரேக்கை அழுத்தும்போது இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே அளவு பிடிக்கிறதா என்று பார்ப்பார்கள். சக்கரம் நேராகப் போகிறதா, பக்கவாட்டில் இழுக்கிறதா என்று காட்ட தரையில் ஒரு தகடு இருக்கும். ஹெட்லைட் எங்கே அடிக்கிறது என்று ஒரு பெட்டியை வைத்து அளப்பார்கள். கீழே குழியில் நிற்பவர் டார்ச் அடித்து, பால் ஜாயின்ட், புஷ், ஆயில் கசிவு, துரு எல்லாவற்றையும் பார்ப்பார். மேலே டயர், சீட் பெல்ட், சிக்னல், கண்ணாடியில் ஒட்டிய கறுப்பு ஃபிலிம். டயரின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் போச்சு. முன் கண்ணாடியிலும் முன் கதவுக் கண்ணாடியிலும் 70 விழுக்காடு வெளிச்சமாவது உள்ளே வரவேண்டும், பின்னால் 25.

எல்லாம் நல்ல விஷயம்தான். ஆனால் பட்டியலில் இல்லாததைக் கவனியுங்கள். கியர்பாக்ஸ் இல்லை. ஏர்கான் இல்லை. என்ஜினுக்குள் எவ்வளவு தேய்மானம் என்பது இல்லை. ஹைப்ரிட் பேட்டரி இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்பது இல்லை. முன்னால் இடிபட்டு, தட்டி நிமிர்த்தி, பட்டி போட்டுப் பெயின்ட் அடித்த கதை இல்லை. இந்தக் கார் சாலையில் ஓடினால் மற்றவர்களுக்கு ஆபத்தா என்பதுதான் அவர்கள் கேள்வி. வாங்குகிறவன் பணம் தப்புமா என்பது அவர்கள் வேலையே அல்ல.

இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். 2009இல், பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டே, ஒரு டீலரிடம் ஏழு வயது செடான் கார் ஒன்றை வாங்கினேன். பரிசோதனையில் தேறி ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. தாளைப் பார்த்தேன், திருப்தி. நானே மெக்கானிக், எனக்கென்ன பயம் என்ற தெனாவெட்டு வேறு. மூன்றாவது வாரம் குடும்பத்தோடு துவாஸ் வழியாக, மலேசியாவுக்குப் போகும் இரண்டாம் பாலத்தில் போய்க்கொண்டிருந்தபோது கியர் விழவில்லை. என்ஜின் கத்துகிறது, கார் நகரவில்லை, பின்னால் லாரிக்காரர் ஹாரன். என் மாமியார் பின் சீட்டில் கந்தர் சஷ்டி கவசம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். கியர்பாக்ஸுக்கு ஆன செலவில் ஊருக்கு நாலு பேர் போய் வந்திருக்கலாம். பரிசோதனை நிலையத்தின் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. கியர்பாக்ஸைப் பார்க்கச் சொல்லி யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

இன்னொன்றும் உள்ளே இருந்தவன் என்ற முறையில் சொல்ல வேண்டும். பரிசோதனைக்கு முந்தின நாள் கார் பட்டறைக்கு வரும். சத்தம் போடும் சைலன்சரைக் கழற்றிவிட்டு, அலமாரியில் தூங்கிய பழைய கம்பெனி சைலன்சரை மாட்டுவோம். மொட்டை டயருக்குப் பதிலாக நண்பன் காரின் நாலு சக்கரத்தை இரவல் வாங்கி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பாஸ் ஆனதும் மறுநாளே எல்லாம் பழையபடி. அந்தத் தாளில் இருப்பது அந்தக் காலைப்பொழுதின் நிலை மட்டும்.

அப்படியானால் தாள் எதற்கு என்று கேட்பீர்கள். தாளை விட அதன் தேதி பெரிய விஷயம். இங்கிலாந்தில் எச்சரிக்கைக் குறிப்பை அச்சடித்தே கொடுக்கிறார்கள் என்றேன் அல்லவா? நம் ஊரில் அந்தக் குறிப்பு பட்டறை பில்லில் ஒளிந்திருக்கிறது. பரிசோதனைத் தேதிக்கு இரண்டு வாரம் முன்னும் பின்னும் என்ன பில் போட்டார்கள் என்று பாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு காருக்கு ஐந்தாம் ஆண்டுப் பரிசோதனை வியாழக்கிழமை. செவ்வாய்க்கிழமை பில்லில் முன் பிரேக் பேட், இரண்டு டயர், வலப்பக்க டை ராட். அதற்கு முந்தைய பில் எப்போது? பதினாறு மாதம் முன்னால், வெறும் ஆயில் மாற்றம். கதை புரிகிறதா? அந்தக் காரை ஓட்டியவர் பரிசோதனை வந்தால்தான் காரைத் திரும்பிப் பார்ப்பார். நடுவில் எது எப்படிப் போனாலும் அவருக்குக் கவலையில்லை. வேறொருவர் காருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சின்னச் சின்ன பில்கள் இருந்தன. பரிசோதனை வாரத்தில் ஒரு பில்கூட இல்லை, நேராகப் போனார், தேறினார். இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே மாதிரி பாஸ் தாள்தான். நான் இரண்டாமவர் காரை ஆயிரம் இரண்டாயிரம் வெள்ளி கூடக் கொடுத்தே வாங்குவேன்.

ஆகவே விற்பவரிடம், “பாஸா?” என்று கேட்காதீர்கள். “முதல் தடவையிலேயே பாஸா, இல்லை ஏதாவது செய்துவிட்டுத் திரும்பப் போனீர்களா?” என்று கேளுங்கள். ஒளிக்க ஒன்றுமில்லாதவர் சட்டென்று சொல்லிவிடுவார். “முதல் தடவை ஹெட்லைட்டில் போச்சு, சரிசெய்து மறுநாள் போனேன்” என்றால் அது குற்றமே இல்லை. “அதெல்லாம் ஏஜென்ட்தான் பார்த்துக்கிட்டார், எனக்குத் தெரியாது” என்று இழுத்தால் பில்லைக் கேளுங்கள்.

அப்புறம் மீட்டர். டிஜிட்டல் மீட்டரைத் திருப்புவது இப்போது ஸ்க்ரூடிரைவர் வேலை அல்ல, மடிக்கணினி வேலை. அதனால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, தாளை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். பில்களில் பெரும்பாலும் தேதியோடு கிலோமீட்டரும் இருக்கும். பரிசோதனை அறிக்கையில் கிலோமீட்டர் இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவு மூடும் இடத்திலோ முன் கண்ணாடி ஓரத்திலோ ‘அடுத்த சர்வீஸ்’ என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதைச் சுரண்ட மறந்துவிடுவார்கள். எல்லா எண்களையும் தேதி வரிசையில் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். எண் ஏறிக்கொண்டே போக வேண்டும், அதுவும் ஓரளவு சீராக. ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்த காரில் மீட்டர் 62,000 காட்டியது. பின் சீட்டுக்கு அடியில் சிக்கியிருந்த பழைய பில்லில், மூன்று ஆண்டுக்கு முன்பே 74,000.

உங்கள் காரின் 58,000 என்பது ஆண்டுக்கு எட்டாயிரத்து சொச்சம்தான் வருகிறது. இங்கே சொந்தக் காரென்றால் ஆண்டுக்குப் பதினைந்திலிருந்து இருபதாயிரம் வரை ஓடியிருப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். குறைவாக ஓடியதே தப்பு என்று சொல்லவில்லை. எம்ஆர்டி பக்கத்தில் வீடு, வார இறுதியில் மட்டும் கார் என்றால் நியாயமே. ஆனால் அப்படியானால் ஸ்டியரிங் தோல் வழுவழுவென்று தேய்ந்திருக்கக் கூடாது, ஓட்டுநர் சீட்டின் வெளி ஓரம் அமுங்கியிருக்கக் கூடாது, பிரேக் பெடலின் ரப்பர் மழுங்கியிருக்கக் கூடாது. முன்னும் பின்னும் கண்ணாடியின் ஓரத்தில் விரல் வைத்துத் தடவிப் பாருங்கள். தனியார் வாடகைக் காருக்கு ஒட்டிய ஸ்டிக்கரைப் பிய்த்த தடம் தட்டுப்படலாம். அப்படி ஓடிய கார் ஒரே ஆண்டில் அறுபதாயிரத்தைத் தொட்டுவிடும்.

எல்லை தாண்டி மலேசியாவில், ஜோகூரில் சர்வீஸ் செய்ததால் பில் இல்லை என்று சிலர் சொல்வார்கள். நம்பக்கூடியதுதான், நம் ஆட்கள் பாதிப் பேர் அங்கேதான் டயர் மாற்றுகிறார்கள். ஆனால் ஆறு ஆண்டில் ஒரு தாள்கூடவா மிஞ்சவில்லை? வாட்ஸ்ஆப்பில் மெக்கானிக்கோடு பேசிய செய்தியாவது இருக்குமே. அதைக் காட்டச் சொல்லுங்கள்.

ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளம் உங்களுக்கு வேறு விதத்தில் உதவும். சாலை வரி எப்போது முடிகிறது என்று வண்டி எண்ணை வைத்தே பார்த்துவிடலாம். மற்ற விவரங்களுக்கு உரிமையாளர் சிங்பாஸ் (அரசாங்க மின்னடையாளம்) வழியாக உள்ளே போக வேண்டும். அவரையே போனில் திறந்து காட்டச் சொல்லுங்கள். படம் எடுத்து அனுப்புகிறேன் என்றால் வேண்டாம், நேரில். எத்தனை கை மாறியது, வாகனம் என்ன வகையாகப் பதிவாகியிருக்கிறது, சிஓஇ எப்போது முடிகிறது, பதிவை நீக்கினால் என்ன திரும்பக் கிடைக்கும், எல்லாம் அதில் இருக்கும். முதலில் பதிவான தேதி, இங்கே பதிவான தேதி என்று இரண்டு இருக்கும். இரண்டும் வேறு வேறாக இருந்தால் அது வெளிநாட்டில் ஓடிவிட்டு வந்த கார். அதில் காட்டும் சேசிஸ் எண்ணை (ஒவ்வொரு காருக்கும் உள்ள தனி அடையாள எண்) காரில் உள்ளதோடு ஒப்பிட மறக்காதீர்கள். இரண்டு நிமிட வேலை, ஆனால் பத்தில் ஒன்பது பேர் செய்வதில்லை.

வெள்ளத்தில் மாட்டிய காரையும் பரிசோதனைத் தாள் காட்டாது. 2021 ஆகஸ்டில் பாசிர் ரிஸ் டிரைவ் 12, தெம்பனிஸ் அவென்யூ 10 சந்திப்பில் கார்கள் தண்ணீரில் நின்ற படங்களைப் பார்த்திருப்பீர்கள். சீட் பெல்ட்டை முழுக்க, கடைசி வரை இழுங்கள். அடிப்பகுதியில் பழுப்புக் கோடு இருந்தால் அங்கேயே வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள், ஹைப்ரிட்டாக இருந்தால் இன்னும் சீக்கிரம்.

இவ்வளவும் செய்த பிறகும் காரைப் பிடித்திருந்தால், பணம் கொடுத்து ஒரு மதிப்பீடு செய்துவிடுங்கள். விகாம், எஸ்டிஏ இரண்டிலும் பழைய கார் வாங்குபவர்களுக்கென்றே தனிச் சோதனை இருக்கிறது. கட்டாயப் பரிசோதனை வேறு, இது வேறு. இதில் இடிபட்ட தடயம், பெயின்ட், என்ஜின் என்று வாங்குகிறவர் பக்கம் நின்று பார்ப்பார்கள். சில நூறு வெள்ளிக்குள் முடிந்துவிடும். முன்பணம் கொடுக்கும் முன்பே இதைச் செய்ய ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். இல்லை, முன்பணம் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் ‘மதிப்பீட்டில் பெரிய குறை வந்தால் பணம் திரும்ப’ என்று எழுதி வாங்குங்கள். எந்த நிலையத்துக்குப் போவது என்று நீங்கள் சொல்லுங்கள். “எனக்குத் தெரிந்த பட்டறை இருக்கிறது” என்று அவர் சொன்னால், எனக்கும் தெரிந்த பட்டறை இருக்கிறது என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

நேரடி விற்பனை என்பதால் இவ்வளவு வற்புறுத்துகிறேன். 2012 செப்டம்பர் முதல் நம்மிடம் லெமன் சட்டம் இருக்கிறது, குறையுள்ள பொருளை வாங்கி ஏமாந்தவரைக் காப்பதற்கு. டீலரிடம் வாங்கிய பழைய காருக்கும் அது பொருந்தும். ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், விற்கும்போதே அது இருந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்டுவது டீலர் பாடு. பழுதுபார்த்துத் தரவோ, விலையைக் குறைக்கவோ கேட்கலாம். அந்த செடானை நான் நாலு ஆண்டு பொறுத்து வாங்கியிருந்தால் எனக்கும் லாபம்! ஆனால் ஒரு தனிமனிதர் இன்னொருவருக்கு விற்றால் இந்தச் சட்டம் வராது. டீலர் விலையைவிட நேரடி விலை குறைவாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். டீலரிடம் போனாலும் ஒன்று: வாங்கும்போதே உங்களுக்குத் தெரிந்த குறைக்குப் பிறகு வழக்காட முடியாது. மதிப்பீட்டு அறிக்கையில் ‘ஆயில் கசிவு’ என்று இருந்தால், அங்கேயே விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் காரைப் பற்றி. மூன்று மாதத்தில் பரிசோதனை வருகிறது என்பது உங்களுக்குச் சாதகம். அவரையே முன்கூட்டி அனுப்பச் சொல்லுங்கள். கட்டணம் பெரிய தொகை இல்லை, வேண்டுமானால் நீங்களே கொடுப்பதாகச் சொல்லுங்கள். நீங்களும் கூடப் போங்கள், அரை நாள் விடுப்பு எடுத்தாலும் பரவாயில்லை. இரவல் டயர், பழைய சைலன்சர் வேலையெல்லாம் நீங்கள் பக்கத்தில் நின்றால் நடக்காது. தேறினால் மீதிப் பணம், தேறாவிட்டால் செலவு அவருடையது என்று பேசிக்கொள்ளுங்கள். ஹைப்ரிட் பேட்டரிக்கு உத்தரவாதம் மிச்சம் இருக்கிறதா, இருந்தால் கை மாறிய பிறகும் செல்லுமா என்று அந்தக் கம்பெனிக்கே போன் போட்டுக் கேளுங்கள். அவர் வாயால் சொல்வது போதாது.

இன்றிரவு அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: “அண்ணே, ஐந்தாம் ஆண்டு இன்ஸ்பெக்‌ஷன் தாளும், அந்த மாசத்துப் பட்டறை பில்லும் படம் எடுத்து அனுப்ப முடியுமா? சனிக்கிழமை ஒன்மோட்டரிங் நேரில் பார்த்துக்கலாம்.” பில் வந்தால் அந்தக் கிலோமீட்டர் எண்ணை எனக்கும் சொல்லுங்கள். 40,000-ஐ ஒட்டி இருந்தால் சனிக்கிழமை போகலாம். அதைவிட ரொம்ப மேலே இருந்தால், பழைய கார்க் கடைகள் இருக்கும் உபி வட்டாரத்தில் இன்னும் எத்தனையோ கார் நிற்கிறது.